ஸ்டீல் ஜார் ஓப்பனர்: அம்மா நான்கு மாதம் புழங்கிய பிறகு

அம்மாவுக்காகத்தான் வாங்கினேன். அறுபத்தெட்டு வயது, தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார், வலது கட்டைவிரலின் அடியில் மூட்டுத் தேய்மானம். தேங்காய் துருவுவது, மாவு பிசைவது எல்லாம் எப்படியோ ஓட்டிவிடுவார், ஆனால் பாட்டில் மூடியை அழுத்திப் பிடித்துத் திருகும்போதுதான் உயிர் போகிறது என்பார். பொங்கலுக்குப் போயிருந்தபோது அலமாரியைத் திறந்து பார்த்தால் ஒரு பாட்டில்கூட இறுக்கி மூடியிருக்கவில்லை, எல்லாவற்றிலும் மூடி சும்மா மேலே உட்கார்ந்திருந்தது. கேட்டதற்கு, "இறுக்கிட்டா அப்புறம் யாருடி வந்து திறக்கிறது?" என்றார். காபிப் பொடியில் மணமே இல்லை, சர்க்கரையில் எறும்பு, எலுமிச்சை ஊறுகாயின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை. திறக்க முடியாது என்று தெரிந்துவிட்டால் மனுஷர் மூடுவதையே விட்டுவிடுவார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஊருக்குத் திரும்பியதும் தேடி வாங்கி அனுப்பினேன். விலை 280 ரூபாய். ரப்பர் பட்டை வைத்தது, பேட்டரியில் ஓடுவது என்று பல வகை இருக்கின்றன, நான் எடுத்தது முழுக்க ஸ்டீல். நடுவில் ஒரு திருகு, அதன் இரண்டு பக்கமும் பல் வைத்த தாடை, இரு முனையிலும் கைப்பிடி. திருகின் தலையைச் சுற்றினால் தாடைகள் நெருங்கும், மறுபக்கம் சுற்றினால் விலகும். 3 செ.மீ. அகல மூடியிலிருந்து 9 செ.மீ. வரை பிடிக்கிறது. மூடியின் மேல் வைத்து, பல் ஓரத்தைக் கவ்வும் வரை திருகிவிட்டு, ஒரு கையால் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மறு கையின் உள்ளங்கையால் கைப்பிடியைத் தள்ள வேண்டும். கட்டைவிரலுக்கு வேலையே இல்லை, அம்மாவுக்கு இதுதான் பெரிய விஷயம். பலமும் குறைவாகவே போதும்: 7 செ.மீ. மூடியைக் கையால் திருகும்போது நடுவிலிருந்து 3.5 செ.மீ. தூரத்தில் பிடிக்கிறோம், இதில் 10 செ.மீ. தள்ளிப் பிடிக்கிறோம், அதனால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விசையிலேயே மூடி அசைந்துவிடுகிறது.

புது ஜாம் பாட்டில் ஏன் அவ்வளவு அடம் பிடிக்கிறது என்று அம்மா கேட்டார். சூடாக இருக்கும்போதே ஜாமை ஊற்றி மூடிவிடுகிறார்கள், ஆறும்போது உள்ளே இருக்கும் நீராவி தண்ணீராகிவிடுவதால் அந்த இடம் காலியாகிறது, வெளிக்காற்று மூடியை உள்ளே அழுத்துகிறது. காற்றின் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 1 கிலோ, மூடியின் பரப்பை வைத்துக் கணக்குப் போட்டால் அது சின்னச் சுமை இல்லை. மூடியின் நடுவில் ஒரு சின்ன வட்டம் குழிந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். முதல் முறை அம்மா தள்ளியபோது 'டப்' என்று ஒரு சத்தம், குழிந்திருந்த வட்டம் மேலே எழும்பியது, மூடி அரைச் சுற்றில் கையோடு வந்துவிட்டது. போனில் அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. (கடையில் வாங்கும்போது அந்த வட்டத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போய் வெளியே வந்தால் அந்தப் பாட்டிலை எடுக்காதீர்கள்.)

தேன் பாட்டில், ஊறுகாய் பாட்டிலின் கதை வேறு. தேன் மரையில் இறங்கிக் காய்ந்து பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும், ஊறுகாயின் உப்பும் புளிப்பும் தகர மூடியைத் துருப்பிடிக்க வைக்கும். இதற்கெல்லாம் முன்பு அம்மா கத்தி முனையை மூடிக்குள் விட்டு நெம்புவார், அல்லது வெந்நீரில் கவிழ்த்து வைப்பார். கத்தி வழுக்கினால் கை போய்விடும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடியில் வெந்நீர் பட்டால் விரிசல் விடும். இரண்டும் இப்போது நின்றுவிட்டது, எனக்கு அதுவே நிம்மதி.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்த ஓப்பனரில் திருகின் மரை ஓரம் பிசிறாக இருந்து அம்மாவின் விரலைக் கீறிவிட்டது, விற்றவர்களிடம் சொல்லி மாற்றி வாங்க பதினோரு நாள் ஆனது. உடம்பு ஸ்டீல்தான், ஆனால் திருகில் ஒரு மாதத்திலேயே பழுப்பாகத் துரு எட்டிப் பார்த்தது, கழுவியதும் துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்ட பிறகு பரவவில்லை. பிளாஸ்டிக் மூடியில் பல் பதிந்து தழும்பு விழுகிறது. எசன்ஸ் பாட்டில் மாதிரி சின்ன மூடிகளுக்கு உதவாது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் திருகைச் சுற்றிச் சுற்றி அளவு வைக்க வேண்டும், அவசரத்துக்கு இது எரிச்சலாக இருக்கும்.

இன்னொன்று, அதிகமாகத் திருகிவிட்டால் மூடி நெளிந்து மரையிலேயே சிக்கிக்கொள்ளும், முதல் வாரம் ஒரு மூடி அப்படித்தான் கோணலாகிப் போனது. பல் கவ்விய பிறகு கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம் என்று அம்மாவே கண்டுபிடித்து எனக்குச் சொன்னார். பாட்டிலுக்குக் கீழே ஈரத்துணியை மடித்துப் போட்டால் மேடையில் வழுக்காது, இதுவும் அவர் சொன்னதுதான்.

மற்றபடி, கை நன்றாக இருக்கிறவர்களுக்கு இது அவ்வளவு தேவையில்லை. மூட்டு வலி இருக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

போன வாரம் போயிருந்தேன். பீங்கான் ஜாடியில் ஊறிய மாவடுவைக் கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி, இடது கையால் மூடியை நன்றாக இறுக்கி அலமாரியில் வைத்தார். ஓப்பனர் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது. இதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெரு சித்தியும் ஒன்று கேட்டிருக்கிறார். இந்த முறை பாத்திரக் கடைக்கு நேரில் போய், மரையை விரலால் தடவிப் பார்த்துத்தான் வாங்கப்போகிறேன்.