போதகர் மாறும் காலம்: நான்கு வழிகள், எது எந்தச் சபைக்கு?

போதகர் போனால் அடுத்தவர் வரும்வரை சபையை யார் பார்ப்பது? பிஷப் மாற்றல் உத்தரவு போடும் சபைகளுக்கு இந்தத் தலைவலி குறைவு. போதகரைத் தாங்களே தேடி, ஓட்டுப் போட்டு அழைக்கும் சபைகளில்தான் நடுவே பெரிய இடைவெளி விழும். சபை விவரக் குறிப்பு எழுத இரண்டு மாதம், விண்ணப்பம், நேர்காணல், விசாரிப்பு எல்லாம் முடிய நான்கைந்து மாதம், தேர்வானவர் பழைய சபைக்கு நோட்டீஸ் கொடுத்து வர இரண்டு மூன்று மாதம். ஆக, ஒழுங்காகத் தேடினால் 8 முதல் 10 மாதம். இந்த இடைவெளியை எப்படி நிரப்புவது என்று முடிவெடுக்குமுன் கமிட்டி கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: போகிறவர் எத்தனை வருடம் இருந்தார்? எப்படிப் போகிறார்?

முதல் வழி, செலவு மிகக் குறைவானது: வாரம் ஒரு வெளிப் பிரசங்கியாரை அழைப்பது. பொருளாளருக்குப் பிடித்த வழி. ஞாயிறு ஆராதனை தடையின்றி நடக்கும். சிக்கல் திங்கள் முதல் சனி வரை. புதன் இரவு 11 மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் யார் போவது? வாரத்துக்கு இரண்டு பெயர், ஒருவர் முதலில், மற்றவர் மாற்றாக, எண்ணோடு ஞாயிறு அறிவிப்புத் தாளில் அச்சாக வேண்டும். திருவிருந்து நடத்தக் குருப்பட்டம் பெற்றவர்தான் வேண்டும் என்ற சபையானால் அதற்குத் தனியாக ஆள் பார்க்க வேண்டும். பிரசங்கியார்களுக்கு வேதபாட அட்டவணையை முன்கூட்டியே அனுப்பாவிட்டால் அடுத்தடுத்த மூன்று வாரமும் 23ஆம் சங்கீதம்தான். மூன்று மாதத்துக்கு மேல் இந்த ஏற்பாடு தாங்காது. வருகை குறையும், காணிக்கையும் கூடவே குறையும். மிச்சம் பிடித்த சம்பளம் அதில் கரைந்துவிடும்.

உதவிப் போதகரிடம் பொறுப்பை ஒப்படைப்பது இதைவிட இயல்பாகத் தோன்றும். தெரிந்த முகம், தெரிந்த குரல். ஆனால் அவர் நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிப்பாரா மாட்டாரா என்பதை முதல் நாளுக்கு முன்பே எழுத்தில் தீர்த்துவிட வேண்டும். தீர்க்காமல் விட்டால் வெளியிலிருந்து நல்லவர்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள். முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்று நினைப்பார்கள். கடைசியில் சபை அவரை வேண்டாமென்றால் அவரும் கிளம்பிவிடுவார். ஒரு காலியிடம் இரண்டாகும். அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையில் உதவிப் போதகரோ இடைக்காலப் போதகரோ அதே சபைக்கு நிரந்தரப் போதகராவது விதிவிலக்குதான். அதற்குப் பிரஸ்பிட்டரியில் (அப்பகுதிச் சபைகளை நிர்வகிக்கும் மன்றம்) நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். காரணமில்லாமல் இவ்வளவு கடுமை வைக்கவில்லை. இன்னொன்று: அவர் பார்த்துவந்த வாலிபர் ஐக்கியத்தை இனி யார் பார்ப்பது? பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை.

பழையவரும் புதியவரும் சில காலம் சேர்ந்து பணியாற்றுவது மூன்றாவது வழி. ஓய்வு தேதி ஒன்றரை வருடம் முன்பே தெரிந்தால் மட்டும் சாத்தியம். இரண்டு முதல் நான்கு வாரம் போதும். அதற்கு மேல் நீண்டால், புதியவர் ஆராதனை நேரத்தைக் கால்மணி மாற்றினாலும் முறையீடு பழையவர் வீட்டுக்குப் போகும். இரட்டைச் சம்பளம் ஒருபுறம். போதகர் இல்லம் ஒன்றுதான் என்பது மறுபுறம்.

நான்காவது இடைக்காலப் போதகர், அதாவது நிரந்தரப் போதகர் வரும்வரை மட்டும் ஒப்பந்தத்தில் பணியாற்றுபவர். இவரை ‘சும்மா உட்கார வைக்கும் ஆள்’ என்று நினைக்கும் சபைகள் பணத்தை வீணடிக்கின்றன. சபைகளுக்கு ஆலோசனை வழங்கிய அமெரிக்க ஆல்பன் நிறுவனத்தை 1974இல் தொடங்கிய லோரன் மீட், இந்தக் காலத்தில் சபை செய்ய வேண்டிய வேலைகள் என ஐந்தை வகுத்தார்: கடந்த காலத்தோடு சமாதானமாவது, தன் அடையாளத்தைக் கண்டுகொள்வது, தலைமையில் வரும் மாற்றங்களை ஏற்பது, திருச்சபை அமைப்போடு உறவைப் புதுப்பிப்பது, புதிய போதகருக்கு மனதார ஆயத்தமாவது. முதலாவதுதான் கடினம். முந்தையவர் பத்து வருடத்துக்கு மேல் இருந்தாலோ, சண்டையில் அல்லது கெட்ட பெயரோடு போயிருந்தாலோ இந்த வழியைத் தவிர்க்கக் கூடாது. தவிர்த்தால் அடுத்து வருபவர்தான் தெரியாமலே இடைக்காலப் போதகராகி, இரண்டு வருடத்தில் காயத்தோடு போவார். ஒன்று அல்லது இரண்டு வருட ஒப்பந்தம், முழுச் சம்பளம், நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்கக் கூடாது என்ற நிபந்தனை. விலை அதிகம்தான். ஐந்து வருடத்துக்குள் சுமுகமாக விடைபெறும் போதகரென்றால் இந்தச் செலவு தேவையில்லை. இடைவெளி மூன்று மாதத்துக்குள் என்றால் வெளிப் பிரசங்கியார், இல்லாவிட்டால் உதவிப் போதகர் போதும்.

எந்த வழியானாலும் போகிறவர் கடைசி வாரத்துக்குள் ஒப்படைக்க வேண்டியவை உண்டு: ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள், வங்கிக் கையெழுத்து மாற்றம், உதவி நிதிக் கணக்கு, சாவிகள். சபை இணையதளத்தின் பாஸ்வேர்ட் அவருடைய சொந்த மின்னஞ்சலில் சிக்கியிருப்பது வெகு சாதாரணம். அதோடு, ஒரு வருடத்துக்காவது பழைய சபையின் திருமணம், அடக்க ஆராதனை எதையும் நடத்துவதில்லை என்று எழுத்தில் வாங்குங்கள். மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் ஒரு வீட்டு அடக்கத்துக்கு வந்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு மறுக்க அவரால் முடியாது.

தேடல் குழுவுக்கு ஏழு பேர் போதும். சபை ஊழியர்களும் போகிற போதகரும் அதில் வேண்டாம். பழையவருக்கு நேர் எதிரான ஆளைப் பிடிக்கும் ஆசை இந்தக் குழுவில் கட்டாயம் தலைகாட்டும். நல்ல பிரசங்கி, வீடு சந்திக்க மாட்டார் என்று குறைபட்ட சபை, வீடு சந்திப்பவரை எடுத்துவிட்டு ஆறாம் மாதம் பிரசங்கம் சரியில்லை என்னும். விண்ணப்பதாரர் கொடுத்த பெயர்களை மட்டும் விசாரித்து நிறுத்தாமல், அவர் சம்மதத்தோடு பட்டியலில் இல்லாத ஒருவரிடமும் பேசுங்கள்.

கடைசியில் இரகசிய ஓட்டு. சபை விதிப்படி பாதிக்கு மேல் போதுமென்றாலும் 60 சதவீதத்தில் யாரும் வர மாட்டார்கள்; பத்தில் ஒன்பது பேராவது வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களே அதிகம். எவ்வளவுக்குக் குறைந்தால் வர மாட்டார் என்பதை ஓட்டுக்கு முன்பே அவரிடம் கேட்டு வையுங்கள். அது கிடைக்காமல் போனால் தேடல் மறுபடி முதலிலிருந்து. அதனால் இடைக்காலப் போதகரோடு ஒப்பந்தம் போடும் நாளிலேயே, ஆறு மாத நீட்டிப்புக்கு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.