மானுக்கும் எல்க்குக்கும் எந்தக் குண்டு: ஈயமா, செம்பா?

அமெரிக்காவின் கொலராடோவில் அக்டோபர் பிறந்ததும் எங்கள் வீட்டு டீப் ஃப்ரீசரைக் காலி செய்து துடைத்து வைத்துவிடுவோம். வருஷம் முழுக்கச் சாப்பிடும் கறியில் பெரும்பங்கு அந்த வேட்டை சீசனில் கிடைக்கும் மானோ, எல்க் என்ற பெரிய மான் வகையோதான். ஒன்பது சீசனாக ஒரே .30-06 ரைஃபிள். முதல் நான்கு சீசன் ஈயக் குண்டு, அடுத்த ஐந்தும் முழுச் செம்பு. நான் செம்புக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈயம் என்று இங்கே சொல்வது காரீயத்தை. நம் ஊரில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம்.

கடையில் கிடைப்பதை மூன்றாகப் பிரிக்கலாம். ஈயத்துக்கு மேல் மெல்லிய செம்பு உறை போட்டு, மூக்கில் மட்டும் ஈயம் தெரிகிற சாதாரண குண்டு முதல் வகை. விலை குறைவு, குறி சுத்தம், பட்டதும் சட்டென விரியும். மானின் தோளுக்குப் பின்னால் விலாவில் வைத்தால் இதுவே தாராளம். ஆனால் ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். அதன் தோள் எலும்பில் பட்டால் சாதாரண குண்டு உள்ளே போவதற்குள் சிதறிவிடலாம்.

அதற்காக வந்ததுதான் இரண்டாம் வகை. 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் எல்க்கைவிடப் பெரிய மூஸ் மான் வேட்டைக்குப் போன ஜான் நாஸ்லர், சேறு காய்ந்து அப்பிய தோலில் தன் குண்டுகள் உள்ளே இறங்காததைப் பார்த்துவிட்டு, நடுவில் செம்புத் தடுப்பு வைத்த குண்டைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி கலையாமல் உள்ளே போகும். பார்ட்டிஷன் என்ற பெயரில் 1948இல் விற்பனைக்கு வந்த அந்தக் குண்டு இன்றும் விற்கிறது. ஈயத்தையும் உறையையும் பிரியாதபடி ஒட்டிய குண்டுகளையும் இதிலேயே சேர்க்கலாம். மூன்றாவது, ஈயமே இல்லாத முழுச் செம்பு. பார்ன்ஸ் கம்பெனி 1989இல் கொண்டுவந்த எக்ஸ் குண்டின் வழியில் வந்தது. மூக்கில் குழி இருக்கும், பட்டதும் நான்கு இதழாக விரியும்.

விலங்கை வீழ்த்துவதில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சரியான இடத்தில் பட்டால் இரண்டும் எல்க்கைச் சாய்க்கும். நான் மாறியதற்குக் காரணம் கறி.

மூன்றாவது சீசனில் 60 கெஜத்தில் ஒரு மியூல் மானைச் சாதாரண குண்டால் தோளில் சுட்டேன். காயத்தைச் சுற்றி ஒரு கையகலம் இரத்தம் கட்டிக் கூழாகிவிட்டது. அதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொத்துக்கறியாக அரைத்து வைத்தோம். ஜனவரியில் ஒருநாள் கோலா உருண்டை சாப்பிடும்போது என் மகள் எதையோ கடித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அரை மிளகு அளவில் சாம்பல் நிறத் துணுக்கு. எலும்பாக இருக்கும் என்று நகத்தால் அழுத்திப் பார்த்தேன். தடம் விழுந்தது. ஈயம்.

அதற்கு அப்புறம்தான் தேடிப் படித்தேன். வயோமிங்கில் ஈயக் குண்டால் சுட்ட 30 மான்களின் கறியை எக்ஸ்-ரே எடுத்த ஆய்வு 2009இல் வெளியானது. 24 மான்களின் கொத்துக்கறிப் பொட்டலங்களில் உலோகத் துணுக்கு இருந்தது. அதே கறியைத் தின்ற பன்றிகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது. அதற்கு முந்தைய வருஷம் வடக்கு டகோட்டாவில் 738 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, வேட்டைக் கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஈயம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அன்றைய எச்சரிக்கை அளவான டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமை அவர்களில் யாரும் தாண்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஈயத்துக்கு ஓர் அளவு கிடையாது. என் தட்டில் அல்ல, அவள் தட்டில்தான் அந்தத் துணுக்கு இருந்தது.

விலை உயர்ந்த ஈயக் குண்டு வாங்கினால் இது தீருமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 கிரெய்ன் குண்டு என்பது கிட்டத்தட்ட 11.7 கிராம். பார்ட்டிஷன் சுமார் மூன்றில் இரண்டு பங்கு எடையைக் காப்பாற்றும். மீதி நாலு கிராம் கறிக்குள்தான். முன்பாதி சிதறுவதுதான் அதன் அமைப்பே. போன வருஷம் ஒரு பெண் எல்க்கின் மறுபக்கத் தோலுக்கு அடியில் என் செம்புக் குண்டு கிடைத்தது. சுடும்போது 168 கிரெய்ன், கழுவித் தராசில் வைத்தபோது 166. நான்கு இதழும் அப்படியே இருந்தன. காயத்தைச் சுற்றி வெட்டி எறிந்ததும் குறைவு. காட்டில் விட்டுவரும் குடலைக் காக்கையும் கழுகும் தின்னும். கண்டர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகுகள் இப்படித்தான் ஈய நஞ்சேறிச் செத்தன. அவற்றையும் மனதில் வைத்துத்தான் கலிஃபோர்னியா 2019 ஜூலையிலிருந்து வேட்டையில் ஈயக் குண்டையே முழுதாகத் தடை செய்தது.

செம்பிலும் குறை உண்டு. ஈயத்தைவிட லேசான உலோகம் என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும். 180க்குப் பதில் 165 அல்லது 168க்கு இறங்குவது நல்லது. வேகமும் வேண்டும். விநாடிக்கு 2,000 அடிக்குக் கீழே போனால் இதழ் சரியாக விரியும் என்று நம்ப முடியாது. நான் 250 கெஜத்துக்கு மேல் சுட்டதில்லை, அதனால் தூரச் சூட்டுக்காரர்களுக்கு என் அனுபவம் உதவாது. பெட்டிக்குப் பத்துப் பதினைந்து டாலர் கூடுதலாகிறது. பழைய குண்டுக்கு வைத்த குறியும் பொருந்தாது. ரைஃபிள் குழலைச் செம்புக் கரைப்பான் போட்டு நன்றாகத் துடைத்துவிட்டு, புதுக் குண்டிலேயே குறி சரிபார்க்க வேண்டும். என் ரைஃபிளுக்கு ஒரு பெட்டி முழுக்கச் செலவானது.

.243 என்ற சிறிய குண்டு ரைஃபிள் வைத்திருப்பவர்கள் கவனிக்க: கொலராடோவில் மானுக்குக் குறைந்தது 70 கிரெய்ன், எல்க்குக்கு 85. செம்பில் பலர் வாங்கும் 80 கிரெய்ன் குண்டு மானுக்கு அருமை, எல்க்குக்குச் சட்டப்படியே செல்லாது. 85 கிரெய்ன் செம்புக் குண்டும் கிடைக்கிறது. ஆனாலும் எல்க்குக்குப் போவதென்றால் நான் .270க்குக் கீழே இறங்க மாட்டேன்.