கேரவன் ஒழுக்கு: சிலிகானா, மாஸ்டிக்கா, சிக்காஃபிளெக்ஸா?

வேல்ஸ் பக்கமோ ஸ்காட்லாந்தோ போய்வந்து, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடான கேரவனை வாசலில் நிறுத்திச் சாமான்களை இறக்கும்போதுதான் மூலை அலமாரிக்குள் அந்தப் புழுங்கல் வாடை மூக்கில் ஏறும். வழியெல்லாம் குலுங்கிய குலுக்கலில் எங்கோ ஓர் இணைப்பு விட்டுப்போயிருக்கும். பிரிட்டனில் இன்னும் ஓடுகிற பழைய கேரவன்களில் பெரும்பாலானவை மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தியவை. தகட்டுக்குப் பின்னால் போன தண்ணீர் எளிதில் காயாது. சட்டம் உள்ளுக்குள்ளேயே மக்கத் தொடங்கும். ஈரத்தை அளக்கும் டேம்ப் மீட்டர் 15 சதவீதத்துக்குள் காட்டினால் கவலை இல்லை. 20ஐத் தாண்டினால் ஒழுக்கைத் தேட வேண்டும். 30க்கு மேல் போனால் மரமே கெட்டிருக்கலாம். சுவரைப் பிரித்துப் பார்க்கிற வேலை அது.

அந்த அளவுக்கு முற்றாத ஒழுக்கை நாமே அடைக்கலாம். எதை வைத்து அடைப்பது என்பதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

முதலில் கைக்கு வருவது சிலிகான். எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு, குளியலறையில் பூசிப் பழகிய பொருள். கேரவனின் வெளிப்புறத்தில் மட்டும் அதை நான் விடவே மாட்டேன். சாதாரண சிலிகான் காயும்போது வினிகர் வாடை வருகிறதல்லவா, அது அசிட்டிக் அமிலம். அலுமினியத்தையும், துத்தநாகப் பூச்சுள்ள ஸ்க்ரூக்களையும் அது அரிக்கும். நியூட்ரல் வகை வாங்கினால் அமிலத் தொல்லை இல்லைதான். ஆனால் பெரிய தொல்லை வேறு: சிலிகான் ஒருமுறை பட்ட இடத்தில் அடுத்து எதுவுமே சரியாக ஒட்டாது. மாஸ்டிக் ஒட்டாது, பெயின்ட் ஒட்டாது, புது சிலிகான்கூடப் பழைய சிலிகான் மேல் ஒழுங்காகப் பிடிக்காது. இரண்டு வருடம் கழித்து அந்த இணைப்பு மறுபடி ஒழுகினால், பூசியதைவிடச் சுரண்டுகிற வேலை பல மடங்கு. செகண்ட்ஹேண்ட் கேரவன் பார்க்கப் போகும்போது ஆனிங் ரெயில் (வெளிப்பந்தலை மாட்டும் நீளமான உலோகப் பட்டை) ஓரமெல்லாம் பளபளவென்று சிலிகான் பட்டை தெரிந்தால், விலை பேசும் முன் மீட்டரை எடுங்கள். உள்ளே சிங்க்கைச் சுற்றி, ஷவர் தட்டைச் சுற்றி என்றால் சரி, தாராளமாகப் பூசலாம்.

அடுத்தது மாஸ்டிக். ப்யூட்டைல் என்ற ரப்பர் வகைப் பட்டையாகச் சுருளில் வரும். கன்னில் போட்டுப் பிழியும் ட்யூபாகவும் வரும். பிசைந்த மைதா மாவுப் பதத்தில் இருக்கும், பல வருடம் இறுகாது. அதுதான் அதன் பலம். ஆறு மீட்டர் அலுமினியத் தகடு, குளிர்கால இரவுக்கும் கோடை வெயிலுக்கும் நடுவே 40 டிகிரி வித்தியாசம் வந்தால், ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். இறுகிப்போன பொருள் அங்கே விரிசல் விடும். மாஸ்டிக் கூடவே நகர்ந்து கொடுக்கும். தொழிற்சாலையிலும் ஆனிங் ரெயிலுக்கு அடியில் பெரும்பாலும் இதைத்தான் வைக்கிறார்கள்.

ஒழுக்குக்குப் பேர்போன இடமும் அந்த ரெயில்தான். உடம்பின் ஓரம் முழுக்க ஓடும் அதை வரிசையாக ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவும் தகட்டில் ஓர் ஓட்டை. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மாஸ்டிக் வறண்டு, ஸ்க்ரூ துருப்பிடித்து, அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். வெளியே ஒரு கோடு சீலன்ட் இழுத்துவிட்டால் ஒழுக்கு சில மாதம் அடங்கும். அதற்குள் உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். முறையான வேலை என்றால் பிளாஸ்டிக் மூடிப்பட்டையை உருவி, ஸ்க்ரூக்களைக் கழற்றி, ரெயிலை இறக்க வேண்டும். பழைய மாஸ்டிக்கைப் பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் எடுக்க வேண்டும். இரும்புச் சுரண்டி பெயின்டைக் கீறிவிடும். மிச்சப் பிசுக்கை ஒயிட் ஸ்பிரிட்டால் துடைத்து, மரம் காய அவகாசம் கொடுத்து, புதுப் பட்டை ஒட்டி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவால் இறுக்கலாம். ஓரத்தில் பிதுங்கி வருவதை அன்றைக்கே வெட்டாதீர்கள். சில நாள் கழித்து ஸ்க்ரூவை இன்னொரு சுற்று இறுக்கி, அப்புறம் வழித்தெடுங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும், மழையில்லாத நாட்களும் வேண்டும். பிரிட்டனில் இரண்டாவது கிடைப்பதுதான் கஷ்டம்.

மாஸ்டிக்கிடம் எதிர்பார்க்கக் கூடாதது ஒட்டும் பலம். இரண்டு பரப்புகளுக்கு நடுவே நசுங்கிக் கிடக்கும்வரைதான் அது வேலை செய்யும். வெளியே திறந்தபடி பூசினால் தூசியை எல்லாம் பிடித்துக் கருத்துப்போகும்.

அந்த மாதிரி இடத்துக்குத்தான் ஒட்டவும் அடைக்கவும் உதவும் சிக்காஃபிளெக்ஸ் பசை வகையறா. ஒரே பெயரில் பல ரகம் இருப்பதால், எண்ணைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 252 என்பது பாலியூரித்தேன். பாகங்களையே ஒட்டவைக்கும் பசை. கேரவனுக்கென்றே வரும் 512 ஹைப்ரிட் ரகம். வெயிலை நன்றாகத் தாங்கும், பல பிளாஸ்டிக்குகளோடும் ஒத்துப்போகும். இரண்டுமே காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும், நாளொன்றுக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் ஆழம். அதனால் தடியாகப் பூசிவிட்டு மறுநாள் காலை வண்டியைக் கிளப்ப முடியாது. கூரையில் சோலார் பேனல் தாங்கி ஒட்டவும், வெளியே தெரியும் இணைப்பின் ஓரத்தை அடைக்கவும் என் தேர்வு 512 தான். என்றாவது கழற்ற வேண்டிய எதிலும் இரண்டையும் போடமாட்டேன். கூரைச் சாளரத்தை 252 வைத்து ஒட்டிவிட்டு, பிறகு கழற்றப் போனால் சாளரத்தோடு தகடும் சேர்ந்து வரும். ஜன்னல்கள் அக்ரிலிக் என்பதையும் மறக்க வேண்டாம். பசைக்கு முன்னால் தடவும் பிரைமரோ, துடைக்கும் சால்வென்டோ பட்டால் அதில் நுண்விரிசல் விழும். விழுந்தால் ஜன்னலையே மாற்ற வேண்டியதுதான்.

முடி அளவு விரிசலுக்கு இவை மூன்றுமே தடிமன் அதிகம். கேப்டன் டாலீஸ் என்றொரு பால்நிறத் திரவம் உண்டு. விரிசலில் சொட்டுவிட்டால் தானாக உள்ளே ஊர்ந்து போய், காய்ந்தபின் வளைந்துகொடுக்கும் பிசினாகிவிடும். உறிஞ்சுவது நிற்கும்வரை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் சொட்ட வேண்டும். சின்ன பாட்டில்தான், ஆனால் பலன் உண்டு. அலுமினிய முதுகுள்ள ப்யூட்டைல் டேப் பயணத்தின் நடுவே சமாளிக்க நல்லது. வீடு வந்ததும் உரித்துவிடுங்கள்.

புது கேரவனுக்கு இந்த அலசலே தேவைப்படாது. தண்ணீர் புகுவதற்கான வாரன்டி பல வருடம் இருக்கும். ஆனால் வருடாவருடம் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் சர்வீஸும் டேம்ப் சோதனையும் செய்திருக்க வேண்டும் என்பார்கள். அந்தக் காலத்துக்குள் நாம் ரெயிலில் கைவைத்தால் வாரன்டி கைவிட்டுப் போகலாம். அலமாரி ஈரமாக இருந்தால் படம் எடுத்து, மீட்டர் அளவையும் தேதியையும் குறித்து, விற்றவருக்கு உடனே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.