வெள்ளவத்தை மொட்டைமாடிக்கு டைபோலா, எண்ட்-ஃபெட்டா?

அமெச்சூர் வானொலியின் 40 மீற்றர் பாண்டுக்கான அன்டெனாக் கணக்கு இது: டைபோலுக்குக் கம்பியின் நடுவில் கேபிள் இணைக்கிறோம், எண்ட்-ஃபெட்டுக்கு ஒரு முனையில். 7.1 மெகாஹேர்ட்ஸில் இரண்டுக்குமே ஏறக்குறைய 20 மீற்றர் கம்பி வேண்டும்.

டைபோல் என்றால் பக்கத்துக்கு 10 மீற்றர், நடுவில் 1:1 பலுன் (balun, கேபிளைச் சமச்சீரான கம்பிகளோடு இணைக்கும் சாதனம்). செலவு குறைவு, சத்தமும் குறைவு. இடம்தான் சிக்கல்: நடுவை உயர்த்தக் கம்பம் நட வேண்டும், தலைகீழ் 'வி'யாக இறக்கினாலும் உச்சிக்கோணம் 90 பாகைக்குக் குறையக் கூடாது.

எண்ட்-ஃபெட்டைத் தண்ணீர்த் தாங்கியிலிருந்து எதிர்மூலைக்கு ஒரே இழுவையில் கட்டலாம். 20, 15, 10 மீற்றரிலும் வேலை செய்யும். முனை இம்பீடன்ஸ் (மின்மறுப்பு) 2,000 ஓமுக்கு மேல் என்பதால் 49:1 டிரான்ஸ்போமர் தேவை: எஃப்டி240-43 டொரொய்டில் (ஃபெரைட் வளையத்தில்) 2க்கு 14 சுற்று, 2 சுற்றுப் பக்கம் குறுக்கே 100 பிகோஃபரட் கபாசிட்டர். 100 வாட்டில் எஃப்டி8 (கணினிவழி டிஜிட்டல் முறை) ஓட்டினால் கோர் சூடேறி எஸ்டபிள்யூஆர் (அன்டெனாப் பொருத்தம் எவ்வளவு பிசகியது என்ற அளவு) மெல்ல ஏறும், வாட்டைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். கோஆக்ஸ் கேபிளில் சோக் (வெளியுறையில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுப்பது) போடாவிட்டால் அதன் வெளியுறையே அன்டெனாவாகிவிடும். மைக்கைத் தொட்டால் சுள்ளென்கும், அயல்வீட்டு டிவியும் கோடு போடும்.

கம்பம் நட அனுமதி கிடைத்தால் டைபோல்தான். தொடர்மாடியில் அது அபூர்வம்.

எதுவானாலும் கடற்காற்று விடாது. ஈயம் பற்றவைத்த மூட்டைத் தானாக ஒட்டும் ரப்பர் டேப்பால் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கோஆக்ஸ் பின்னல் பச்சை பிடித்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிவதே மலிவு.