தகாகுரா உரக்கூடை: பினாங்கு அடுக்குமாடியில் பொதுப்பணியைத் தொடங்க ஏற்றதா?

வேலைக்கோ படிப்புக்கோ பினாங்கு வந்த இளைஞர் ஒருவர், குடியிருக்கும் இடத்தின் சுற்றுச்சூழலுக்கு ஏதாவது செய்ய நினைத்தால் முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மலேசியாவின் 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டம், குடியுரிமை இல்லாதவருக்குப் பேரணி நடத்தவோ அதில் கலந்துகொள்ளவோ உரிமை தருவதில்லை. ஆனால் அண்டை வீடுகளின் சமையல் கழிவை வாங்கி உரமாக்கித் திருப்பிக் கொடுப்பதை அந்தச் சட்டம் தடுப்பதில்லை. இந்தியாவில் பிறந்து இளவயதில் பினாங்கு வந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைப் பல பத்தாண்டுகள் வழிநடத்திய ஊர் இது. வந்தவர்கள் இங்கே பொதுப்பணிக்குப் புதியவர்கள் அல்லர்.

அந்தப் பணியைத் தொடங்க, சமையல் கழிவை வீட்டிலேயே மக்கவைக்கும் தகாகுரா கூடை சரியான கருவி என்பதே எங்கள் முடிவு. ஜப்பானியரான கோஜி தகாகுரா இந்தோனேசியாவின் சுராபாயா நகரத்துக்காக வகுத்த முறை இது. வெப்பமும் ஈரமும் அங்கே நம் ஊர் போலத்தான். உள்ளூரில் கிடைப்பதை வைத்தே செய்துகொள்ளலாம்.

அழுக்குத்துணி போடும், துளையுள்ள 40 முதல் 50 லிட்டர் கூடை ஒன்று வேண்டும். உள்ளே அட்டை, அடியிலும் மேலேயும் வலைத்துணியில் உமி நிரப்பித் தைத்த தலையணைகள், அதற்கு மேல் கருப்புத் துணி, மூடி. கடையில் வாங்கும் ஆயத்தக் கூடைகளில் முதலில் தலையணையைப் பாருங்கள். கூடையின் ஓரத்தைத் தொடாத அளவுக்குச் சிறியதாக இருந்தால் ஈ உள்ளே போய்விடும். பினாங்கின் ஈரக்காற்றில் அட்டை சில மாதங்களில் தளர்ந்துவிடும். பழைய கம்பளத் துண்டு அதைவிட நீடித்து உழைக்கும், காற்றும் போகும்.

உயிர் எல்லாம் விதை உரத்தில்தான், அதாவது கழிவு போடுமுன் கூடையில் நிரப்பும் நுண்ணுயிர்க் கலவையில்தான் இருக்கிறது. அதை வீட்டிலேயே செய்வது நல்லது. குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்து வையுங்கள், குளோரின் போய்விடும். இரண்டு லிட்டரில் 100 கிராம் வெல்லம், ஒரு துண்டு தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), இரண்டு கரண்டி தயிர். இன்னொரு இரண்டு லிட்டரில் ஒரு தேக்கரண்டி உப்பும் பழத்தோலும் கீரைக்காம்பும். இரண்டையும் மூடியைத் தளர்த்தி வைத்து மூன்று முதல் ஐந்து நாள் புளிக்க விடுங்கள். இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும். பிறகு கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் தவிடு 15 லிட்டர், உமி 15 லிட்டர் கலந்து, கரைசல்களைத் தெளித்துப் பிசறுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக்கூடாது. சாக்கால் மூடி வைத்தால் ஓரிரு நாளில் கை வைக்க முடியாத சூடு வரும், மேலே வெள்ளைப் பூஞ்சை படரும். சூடே வராவிட்டால் ஈரம் தவறியிருக்கிறது, அல்லது தவிடு பழையது.

ஒரு கூடை நாளுக்கு ஒரு கிலோ தாங்கும். இரண்டு வீட்டுக்கு ஒன்று என்று கணக்கு வையுங்கள். முதல் மாதத்திலேயே மாடி முழுக்க வாங்கத் தொடங்கினால் கூடை திணறிப்போகும். எல்லாவற்றையும் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கி, விதை உரத்துக்குள் புதைத்து, தினமும் கிளற வேண்டும். தேங்காய்ச் சக்கை, தேயிலைத்தூள், கீரைத்தண்டு வேகமாக மக்கும். முருங்கைத் தோலும் வாழை இலையும் வாரக்கணக்கில் கிடக்கும். எலும்பு, சிப்பி, பொரித்த எண்ணெய் வேண்டாம். கோயில் மாலைகளை வாங்கும்போது நூலையும் நெகிழி நாடாவையும் அன்றே பிரித்துவிடுங்கள்.

புளித்த நாற்றம் என்றால் ஈரம் கூடிவிட்டது, உலர்ந்த உமி சேருங்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி என்றால் யாரோ மீன், இறைச்சிக் கழிவைக் கலந்துவிட்டார்கள், தவிட்டையும் உமியையும் கூட்டுங்கள். புழு வந்தால் பயப்பட வேண்டாம், அது உரத்தைக் கெடுக்காது. ஆனால் அண்டை வீட்டார் அதைப் பார்த்த நாளே கழிவு கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். ஆகவே மேல் தலையணையை வாரம் ஒரு முறை வெயிலில் காயவையுங்கள். கூடையின் அடியில் தட்டு வைக்காதீர்கள், தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். செங்கல் இரண்டின் மேல் தூக்கி வையுங்கள்.

பொகாஷி வாளியைச் சிலர் விரும்புவார்கள். இரண்டு வாரம் காற்றில்லாமல் புளிக்கவைத்த பின் அதை மண்ணில் புதைத்தாக வேண்டும். மண்ணே இல்லாத பத்தாவது மாடியில் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

அண்டை வீட்டாரோடு பேசுவதுதான் இதில் கடினமான வேலை. பன்றி இறைச்சி பட்ட எதையும் கூடையில் சேர்க்காதீர்கள், வெறும் காய்கறிக் கழிவு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் மலாய்க்கார அக்காவும் அந்த உரத்தைத் தயங்காமல் தன் பாண்டான் செடிக்குப் போடுவார். மலாயில் “சிசா டாப்பூர்” என்றால் சமையல் கழிவு. அந்த இரண்டு சொல்லும் ஒரு மூடி வாளியும் போதும். பொது நடைபாதையில் வைக்காமல், கட்டட நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டு ஓர் இடம் வாங்குங்கள். பினாங்கில் 2016 ஜூன் முதல் குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்பதையும், நம் கழிவு போய்ச் சேரும் புலாவ் பூரோங் குப்பைமேடு 2022 ஜனவரியில் தீப்பிடித்ததையும் அந்தக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

கூடை நிறைந்ததும் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துச் சாக்கில் இரண்டு வாரம் ஆறவிட்டு, கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவு நாளன்று கழிவு கொடுத்த வீடுகளுக்கே முதலில் பங்கிடுங்கள். மீதி ஒரு பங்கு அடுத்த சுற்றுக்கு விதை. ஊருக்குப் போகும் மாதம் கழிவு போடுவதை நிறுத்தி, உலரவிட்டு மூடிவையுங்கள். திரும்பி வந்து ஒரு பிடி தவிடும் கொஞ்சம் வெல்லத் தண்ணீரும் தெளித்தால் ஓரிரு நாளில் மறுபடி சூடேறும்.