கையைக் கவ்விய பால் பைத்தான்: இழுப்பதா, பொறுப்பதா, தண்ணீரா, ஸ்பிரிட்டா?

போன மார்கழியில், ஓசூர்க் குளிரில், நான் வளர்க்கும் பால் பைத்தானுக்கு (Ball python, விஷமில்லாத வெளிநாட்டு மலைப்பாம்பு வகை) இரையாக ஃப்ரீசரில் உறையவைத்திருந்த எலியை வெந்நீரில் இளக்கி எடுத்தேன். இடுக்கி பக்கத்தில் இல்லை. வாலைப் பிடித்து வெறுங்கையாலேயே நீட்டிவிட்டேன். கூண்டுக்கு வருவதற்குள் எலி ஆறிவிட்டது, என் கை சூடாக இருந்தது. பால் பைத்தானுக்கு மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. எது சூடோ அதைத்தான் அடிக்கும். கட்டைவிரல் அடியில் கவ்வி, மணிக்கட்டை இரண்டு சுற்று சுற்றிவிட்டது.

தம்பி ஓடிவந்து அதன் தலையைப் பிடித்தான். "டேய், இழுக்காதடா! சொம்புல பச்சத்தண்ணி கொண்டா" என்று கத்தினேன்.

இழுப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். இருப்பதிலேயே மோசமானதும் அதுதான். இந்தப் பாம்பின் பற்கள் மேலே நாலு வரிசை, கீழே இரண்டு வரிசை, எல்லாம் தொண்டையைப் பார்த்து வளைந்தவை. பின்னுக்கு இழுத்தால் ஊசித்துளையாக இருக்கும் காயம் கிழிசலாகிவிடும். பாம்புக்கும் பல் உடையும், ஈறு கிழியும். பல் மறுபடி முளைக்கும், ஆனால் அந்தப் புண்ணில் சீழ் பிடித்தால் இரை எடுப்பதையே நிறுத்திவிடும்.

சின்னப் பாம்பென்றால் பொறுப்பதே போதும். கையை ஆட்டாமல் வைத்திருந்தால் இது இரையில்லை என்று புரிந்து தானே விட்டுவிடும். கையை உதறினால் துடிக்கும் இரை என்றே நினைத்து இன்னும் இறுக்கும். ஆனால் வலியோடு அசையாமல் நிற்பது எல்லாராலும் ஆகாது. குழந்தையின் கை என்றால் இதை நம்பி நிற்கக் கூடாது.

என் ஓட்டு பச்சைத் தண்ணீருக்கு. தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, வாயோரமாக மெல்ல ஊற்ற வேண்டும். வாளியில் முக்கி அழுத்த வேண்டாம். எனக்கு இரண்டாவது சொம்பில் பிடி தளர்ந்தது. அப்போதும் கையைப் பின்னுக்கு இழுக்காமல், பாம்பின் தலையைச் சற்று முன்னுக்குத் தள்ளினால்தான் வளைந்த பற்கள் சதையிலிருந்து கழலும். சுற்றை வால் பக்கமிருந்து பிரிக்க வேண்டும், அங்கேதான் பலம் குறைவு.

ஸ்பிரிட்டோ சானிடைசரோ ஒரு சொட்டு வாயோரம் வைத்தால் சட்டென்று விடும் என்பது உண்மைதான். ஆனால் பாம்பின் மூச்சுத்துளை வாயின் அடியில், முன்பக்கமாகவே இருக்கிறது. உள்ளே போனால் வாயும் மூச்சுவழியும் எரிந்துபோகும். தண்ணீருக்கும் அசையாத பெரிய பாம்பென்றால் மட்டும் கடைசியாக அதைத் தொடுவேன். அத்தனை பெரிய பாம்புக்குத் தனியாளாக இரை வைப்பதே தப்பு.

விட்டபின் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, உடைந்த பல் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, டெட்டனஸுக்கான டிடி ஊசி பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். பாம்பின் வாயில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

இவ்வளவும் விஷமில்லாத, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்து வளர்க்கும் வெளிநாட்டுப் பாம்புக்கு மட்டும். நம்மூர் மண்ணுளியையும் மலைப்பாம்பையும் வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மாந்தோப்பில் எது கடித்தாலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்காதீர்கள். 108, நேராக அரசு மருத்துவமனை.

உயிர் எலியா, ஃப்ரீசர் எலியா என்று கேட்பவர்களுக்கு: ஃப்ரீசர்தான். பசியில்லாத பாம்போடு விட்ட உயிர் எலி அதன் முதுகைக் கடித்துக் குதறிவிடும். ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க இளகவிட்டு, பையில் கட்டி வெந்நீரில் சூடேற்றுங்கள், மைக்ரோவேவ் வேண்டாம். நடுவில் உறைந்திருந்தால் பாம்பு கக்கிவிடும். கக்கினால் பத்துப் பதினைந்து நாள் வயிற்றுக்கு ஓய்வு, பிறகு பாதி அளவு இரை.

கவ்விய அன்று மறுபடி எலியை நீட்டவில்லை. ஒரு வாரம் கழித்து, வாயில் வீக்கமும் கோழையும் இல்லை என்று பார்த்தபின், கையைக் கழுவி, எலியின் தலையைக் கடைசியாக ஒருமுறை வெந்நீரில் காட்டி, ஒன்றரை அடி இடுக்கியால் கொடுத்தேன். நேராக எலியின் மூக்கைப் பிடித்தது.