வேப்பம்பூ காலத்தில் கார் கழுவுவது: ஐந்து கோடை அனுபவம்

திருநகரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேம்பு, எதிர் வீட்டு மதிலோரம் ஒரு புங்கை. இரண்டுக்கும் நடுவில்தான் கார் நிற்கும், வேறு இடம் கிடையாது. மற்ற மாதங்களில் இதைப் பாக்கியம் என்றே சொல்வேன். மதுரை வெயிலில் வண்டிக்கு நிழல் கிடைப்பது லேசில்லை. பங்குனி பிறந்தால்தான் கதை மாறும். வேம்பு பூத்து ஓய்வதற்குள் புங்கை உதிர்க்க ஆரம்பித்துவிடும். அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய பிறகும் பத்துப் பதினைந்து நாள் பூ கொட்டிக்கொண்டே இருக்கும். காலையில் வந்து பார்த்தால் பானட் மேல் வெள்ளைப் பூ, அதற்கடியில் மஞ்சள் மாவைச் சலித்துத் தூவினாற்போல மகரந்தம்.

வண்டி அடர் நீலம். வெள்ளையாக இருந்திருந்தால் இதை எழுதும் தேவையே வந்திருக்காது. முதல் வருடம், தெருவில் ஐந்தாறு வண்டிகளைத் துடைக்கும் அண்ணன் ஒருவரிடம் மாதச் சம்பளத்துக்கு விட்டிருந்தேன். விடிவதற்குள் வந்து, ஒரே வாளித் தண்ணீரில் பழைய பனியனை நனைத்துப் பிழிந்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போவார். “வேப்பம்பூதானே சார், ஒரு துடை துடைச்சா போயிரும்” என்பார். போகத்தான் செய்தது. மே மாதம் ஒரு ராத்திரி பெட்ரோல் பங்கில் விளக்குக்கு நேர் கீழே வண்டியை நிறுத்தி இறங்கினேன். பானட் முழுக்க, கம்பி நார் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி வட்டவட்டமாகக் கீறல். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அதே மாதிரிதான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மகரந்தம் பார்க்கத்தான் மாவு. ஒவ்வொரு துகளுக்கும் ஸ்போரோபோலெனின் என்ற பொருளால் ஆன ஓடு உண்டு. லேசில் சிதையாத பொருள் அது. பல லட்சம் வருடத்துக்கு முந்தைய மகரந்தம் பாறைக்குள் உருக்குலையாமல் கிடைப்பது அதனால்தான். வேம்பும் புங்கையும் பூச்சிகளை நம்பியிருக்கும் மரங்கள். தேனீயின் காலில் ஒட்ட வேண்டும் என்பதற்காக அவற்றின் மகரந்தம் எண்ணெய்ப் பசையோடு இருக்கும். அந்தப் பசையில் ரோட்டுத் தூசியும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் கீறுவது அந்தத் தூசியில் இருக்கும் மணல். பெயின்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான், பல பேருடைய தலைமுடித் தடிமன்கூட வராது. அதன்மேல் மணலை வைத்துத் துணியால் தேய்ப்பதும் உப்புத்தாள் போடுவதும் ஒன்று.

அதனால் இரண்டாம் வருடத்திலிருந்து ஒரே பிடிவாதம்: தண்ணீரும் நுரையும் தங்கள் வேலையை முடிக்கும்வரை கையோ துணியோ வண்டியில் படக் கூடாது. தூசி தட்டும் பிரஷ் ஒன்று டிக்கியில் கிடந்தது, அதைத் தூக்கிப் போட்டாயிற்று. வண்டிக்கு உறை மாட்டுவதையும் இந்த இரண்டு மாதம் நிறுத்திவிட்டேன். தூசி படிந்த வண்டி மேல் உறையை இழுத்து மாட்டினால் அதுவும் பெரிய பனியன்தான்.

ஆறு மணிக்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஏழரைக்கெல்லாம் பானட் சுட ஆரம்பிக்கும்; நுரை ஊறாமல் அப்படியே காய்ந்து தனிக் கறையாகிவிடும். பிரஷர் வாஷரில் வெள்ளை நாஸிலைத்தான் மாட்டுவேன், 40 டிகிரி விரிந்து அடிப்பது. ஒன்றரை அடி தள்ளி நின்று கூரையிலிருந்து கீழே இறக்கினால் பூவும் மேல் தூசியும் போய்விடும். பிறகு பி.எச். சமநிலையில் உள்ள கார் ஷாம்பு நுரை, மூன்று நான்கு நிமிடம். இந்த நேரத்தில் கதவின் கீழ் விளிம்பைக் கவனியுங்கள். மேலே பால் வெள்ளையாக இருக்கும் நுரை, இறங்க இறங்கப் பழுப்பு மஞ்சளாகி, அடியில் டீத்தண்ணி மாதிரிச் சொட்டும். முன்பெல்லாம் அந்தச் சொட்டு மொத்தமும் பனியனில் ஏறி பானட்டைச் சுற்றி வந்திருக்கிறது. நுரையை அலசிவிட்ட பிறகுதான் மைக்ரோஃபைபர் கிளவுஸ், அதுவும் இரண்டு வாளியோடு. ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு கதவு முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

வாளியின் அடியில் மண் தங்கிக் கிடக்க ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்று விற்கிறார்கள். முதலில் ஒரு பழைய இட்லித் தட்டைக் கவிழ்த்துப் போட்டுச் சமாளித்தேன். நன்றாகவே வேலை செய்தது. அது பழைய தட்டு இல்லை என்று வீட்டில் கண்டுபிடித்த அன்று பிளாஸ்டிக் தட்டு வாங்கினேன்.

பிரஷர் வாஷர் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். உரக்கடையில் செடிக்கு மருந்தடிக்கக் கையால் பம்ப் செய்யும் இரண்டு லிட்டர் ஸ்பிரேயர் கிடைக்கும். புதிதாக ஒன்று வாங்கி ஷாம்புத் தண்ணீர் ஊற்றித் தெளித்து, ஊறவிட்டு, ஹோஸில் அலசினாலும் முக்கால்வாசிப் பலன் உண்டு. என் வாஷர் நிமிடத்துக்கு ஆறு லிட்டர் போலத் தண்ணீர் எடுக்கும். ஏழெட்டு நிமிடம் ஓட்டி, வாளிகளையும் சேர்த்தால் எண்பது லிட்டருக்குள் முடிகிறது.

தண்ணீர் என்றதும் மூன்றாம் வருடக் கூத்து ஞாபகம் வருகிறது. கோடையில் போர் தண்ணீர் இறங்கிவிட்டது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வீணாகப் போகும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழுவினேன். சிக்கனம்தானே என்று பெருமை வேறு. காய்ந்ததும் வண்டி முழுக்க வெள்ளைப் புள்ளி. ஆர்.ஓ. பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வினிகரில் சமமாகத் தண்ணீர் கலந்து, ஒரு மூலையில் சோதித்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்து, மறுபடி அலச ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று. எங்கள் போர் தண்ணீரும் உப்புதான் என்பதால், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி கார்ப்பரேஷன் தண்ணீர், உடனே தடித்த டவலால் ஒற்றி எடுப்பது என்று வைத்துக்கொண்டேன்.

செலவழித்ததில் அதிகம் பலன் தந்தது மெழுகு. நம்பிக்கையில்லாமல் நான்காம் வருடம் ஒரு சோதனை செய்தேன்: பங்குனி பிறக்கும் முன் பானட்டில் டிரைவர் பக்கப் பாதிக்கு மட்டும் மெழுகு பூசினேன். அந்தப் பாதியில் வெறும் தண்ணீர் அடித்தாலே மஞ்சள் வழுக்கிக்கொண்டு போனது. மறு பாதியில் லேசான தூறலுக்குப் பின் வெயில் அடித்த இடமெல்லாம் மஞ்சள் வளையம், இரண்டு முறை நுரை போட்ட பிறகே போனது. அந்த வித்தியாசம் ஐந்தாறு வாரம் தெரிந்தது, பிறகு இரண்டும் ஒன்றாகிவிட்டது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தொட்டால் அவ்வளவுகூட நிற்காது. செராமிக் கோட்டிங் போட்டுவிட்டேன், இனிக் காய்ந்த துணியே போதும் என்கிறார் ஒரு நண்பர். ஒரு வருடம் கழித்து அந்த வண்டியை நானே பெட்ரோல் பங்குக்குக் கூட்டிப் போகிறேன்.

பலரும் கவனிக்காத ஒன்று, வைப்பருக்குக் கீழே இருக்கும் ஜல்லடைப் பகுதி. ஒரு கோடை மழைக்குப் பிறகு முன் சீட்டில் இடது பக்க மிதியடி சொதசொதவென்று நனைந்திருந்தது. மெக்கானிக் அந்த மூடியைக் கழற்றி, மக்கிப்போன வேப்பம்பூவைக் கை கையாக அள்ளிப் போட்டார். தண்ணீர் இறங்கும் வழி அடைத்து, ஏ.சி. காற்று வரும் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. கேபின் ஃபில்டரும் நசநசவென்று இருந்தது. மூன்று வாரமாகக் காருக்குள் ஏறியதும் தும்மியதற்கு அதுதான் காரணம் போல. இப்போது வாரம் ஒரு முறை அந்தப் பூவைக் கையால் பொறுக்கிவிடுகிறேன்.

சாமான்களில் வாஷரின் ஹோஸை மட்டும் ஒரு தடவை மாற்றினேன். கிளவுஸ் வருடத்துக்கு ஒன்று. தரையில் விழுந்த துணி அன்றோடு டயருக்குப் போய்விடும், அதில் இரக்கம் கிடையாது.

இந்த வருடம் மாமியார் வந்திருந்தார். வேப்பம்பூவைக் காயவைத்து ரசத்துக்குச் சேர்த்துவைப்பார். மரத்தடியில் சேலை விரித்துவிட்டு, “மாப்ள, கார் மேல கெடக்குறது மண்ணு படாம இருக்கே, அதையும் அள்ளிக்கவா?” என்றார். மெழுகு பூசியிருக்கிறது, வேண்டாம் அத்தை என்றேன். மறுநாள் காலை பார்த்தால், சேலை காருக்கு ஒரு முழம் மேலே வேப்பங்கிளைக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் கட்டப்பட்டிருந்தது. பூவெல்லாம் அதில், பானட் சுத்தம். நாலு மூலையையும் அவிழ்த்து மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போனார். அந்த வாரம் நான் வாஷரை வெளியே எடுக்கவில்லை. புங்கைப் பக்கமும் ஒன்று கட்ட எதிர் வீட்டில்தான் கேட்க வேண்டும்.